இரண்டு கப்பல் பயணங்களை இணைத்துப் போவது: சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களுக்குத் திறந்த மடல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பிறந்து, இன்று கொழும்பிலும் வளைகுடாவிலும் கனடாவிலும் உழைத்து, ஊரிலிருக்கும் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு கப்பல் சுற்றுலா போக நினைக்கும் பிள்ளைகளுக்கு,

தொடர் கப்பல் பயணம் என்பது, சுற்றுலாக் கப்பலின் ஒரு சுற்று முடிகிற அதே நாளில், இறங்காமலோ சற்றே இறங்கி ஏறியோ, அடுத்த சுற்றிலும் சேர்ந்துகொள்வது. ஐந்து இரவுச் சுற்றோடு மூன்று இரவுச் சுற்றைச் சேர்த்தால் எட்டு இரவு. போகிறவர் கண்ணுக்கு இது நீண்ட ஒரே விடுமுறை. கப்பல் கம்பனியின் ஏட்டில் அப்படி இல்லை. அங்கே இவை இரண்டு பயணங்கள். பதிவு எண் இரண்டு, ஒப்பந்தம் இரண்டு, இரத்துச் செய்தால் பணம் திரும்பும் விதியும் இரண்டு. முதல் சுற்று கைவிடப்பட்டாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். இரண்டாவதை மாற்றினால் முதலாவது அசையாது. இந்த வேறுபாட்டை மனதில் வைக்காமல் போடப்படும் திட்டங்கள் கடலில் கெடுவதில்லை. இரண்டு சுற்றும் சந்திக்கிற துறைமுக நாளில்தான் கெடுகின்றன. ஆகவே திட்டமிடலும் அந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இணைப்பு மூன்று விதம். ஒரே கப்பல், ஒரே அறை. ஒரே கப்பல், வேறு அறை. ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறுவது. முதல் விதம் எளிது. இரண்டாவது பொறுக்கக்கூடியது. மூன்றாவது, வயதானவர்களோடு போகும் குடும்பங்களுக்கு ஏற்றதே அல்ல. முதல் கப்பல் சில மணி நேரம் பிந்தினால் இரண்டாவது கப்பல் காத்திராது. கம்பனிகள் வேறாக இருந்தால் யாரும் பொறுப்பேற்கவும் மாட்டார்கள். சற்றுச் சிறிய, ஜன்னலில்லாத உள் அறையானாலும் இரண்டு சுற்றுக்கும் அதே அறை கிடைக்குமானால் அதையே எடுப்பது நல்லது. கடல் தெரியும் அறைக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தை விட, பெட்டி படுக்கையைக் கட்டாமல் இருந்த இடத்தில் இருப்பது அறுபது வயதுத் தாய்க்குப் பெரிய நிம்மதி.

இணைப்பு நாள் எப்படி நடக்கும் என்பதை விரிவாக அறிவது அவசியம். கப்பல் விடியும்போது துறைமுகத்தில் கட்டப்படும். பயணம் முடிந்தவர்கள் காலை உணவுக்குப் பின் வரிசையாக இறங்குவார்கள். மதியத்துக்குள் ஆயிரக்கணக்கான விரிப்புகள் மாற்றப்பட்டு, உணவும் எரிபொருளும் ஏற்றப்பட்டு, பிற்பகலில் புதியவர்கள் ஏறத் தொடங்குவார்கள். இந்த இடைவெளியில் தொடர் பயணிகள் தனிக் கூட்டமாகக் கணக்கெடுக்கப்படுவார்கள். முந்தின நாள் மாலையே அறைக்கு ஒரு கடிதம் வரும்: எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில், என்ன ஆவணத்தோடு கூட வேண்டும் என்று அதில் இருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழும் சிங்களமும் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெற்றோர் தனி அறையில் இருந்தால், அந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் தாங்களே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

சில நாடுகளில் தொடர் பயணிகள் கப்பலிலேயே இருக்கலாம். வேறு சில நாடுகளில், குறிப்பாக அமெரிக்கத் துறைமுகங்களில், கப்பலில் பழைய பயணி ஒருவர்கூட மிச்சமில்லை என்று குடிவரவு அதிகாரிகளுக்குக் காட்டிய பிறகே புதியவர்களை ஏற்ற முடியும். அங்கே தொடர் பயணிகளும் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, சற்றுக் காத்திருந்து மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் அதை முந்தின நாளே கேட்டு வைக்க வேண்டும். காலையில் கேட்டால் நாற்காலிகள் எல்லாம் இறங்கிப் போகிறவர்களிடம் இருக்கும்.

அதே நாளில் கப்பல் கணக்கும் மூடப்படும். முதல் சுற்றில் வாங்கியதெல்லாம் வங்கி அட்டையில் கழிக்கப்பட்டு, இரண்டாவது சுற்றுக்குப் புதிய கணக்கும் புதிய கப்பல் அட்டையும் தரப்படும். இணையத் தொகுப்பு, குடிபானத் தொகுப்பு போன்றவை சுற்று முடிந்ததும் காலாவதியாகும். வேண்டுமானால் புதிதாக வாங்க வேண்டும். முதல் சுற்றின் சலுகைப் பணம் மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் அது இரண்டாவதற்கு வராது. அறை மாறுகிறவர்களின் தொங்கவிட்ட உடுப்புகளைப் பணியாளர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், மற்றவற்றைப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். மருந்து, கடவுச்சீட்டு, நகை மூன்றும் அந்தக் காலையில் கைப்பையை விட்டு நீங்கக் கூடாது.

இரண்டாவது சுற்று தொடங்கும்போது பாதுகாப்புப் பயிற்சி மறுபடியும் நடக்கும். தோட்டத்து விடியற்காலைப் பெரட்டு போலத்தான் இதுவும்: பெயர் பதியாமல் யாரும் தப்ப முடியாது. “போன வாரம்தானே வந்தோம்” என்பது எல்லாக் கப்பலிலும் எடுபடாது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே ‘கோஸ்டா கொன்கோர்டியா’ கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது. உயிர்காப்பு அங்கியை எங்கே எடுப்பது, எந்த இடத்தில் கூடுவது என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் ஒருமுறை நடந்து காட்டுவது பிள்ளைகளின் வேலை.

இணைப்பைப் பயணியே பார்த்துக்கொள்ள வேண்டிய இந்த முறைக்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று மலையகத் தமிழரின் சொந்தச் சரித்திரத்தில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தொடங்கிய ‘போட் மெயில்’ சேவையில், கொழும்புக் கோட்டையில் வாங்கிய ஒரே சீட்டில் தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடி வரை கப்பல், பிறகு எழும்பூர் வரை மறுபடி ரயில். ரயில் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். இணைப்பைப் பார்த்துக்கொள்வது கம்பனியின் பொறுப்பு. தோட்டங்களுக்கு ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அந்த வசதி வேறு முகம் காட்டியது. மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் அவர்கள் கடல் கடந்தார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ‘இராமானுஜம்’ கப்பலில் போனார்கள். போர் மூண்டதும் 1984இல் அந்த வழியும் மூடியது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கழுத்துப் பட்டியில் கப்பல் அட்டையை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போவது விருப்பத்தின் பேரில். இணைப்பைக் கவனிப்பதும் இப்போது அவரவர் பொறுப்பு.

அண்மைக் காலத்தில் இலங்கைக்கு மிகக் கிட்டிய தொடர் பயண வாய்ப்பு சென்னையிலிருந்து கிடைத்தது. கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் 1990இல் பிரான்ஸின் சான் நசேரில் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 48,500 தொன் கொள்ளளவு கொண்டது. 2021 செப்டெம்பரில் மும்பையிலிருந்து இந்தியச் சேவையைத் தொடங்கியது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடல் கொந்தளிப்பதால், அம்மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்து சென்னையிலிருந்து ஓடியது. 2022 ஜூனில் முதல் பயணத்தைத் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடக்கிவைத்தார். 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடக்கிவைத்த பயணம் இலங்கைக்கு வந்தது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் திரும்பும் சுற்று.

சில இரவுகளில் முடிந்து அதே துறைமுகத்துக்குத் திரும்பும் இத்தகைய சுற்றுகள் தொடர் பயணத்துக்கு நன்றாகப் பொருந்தும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இறக்குவானையிலிருந்தோ காவத்தையிலிருந்தோ புறப்படும் குடும்பம் முதலில் கட்டுநாயக்க போய், விமானத்தில் சென்னை போய், கப்பல் ஏறி, பெல்மதுளை-எம்பிலிப்பிட்டிய வீதியில் பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய அம்பாந்தோட்டையில் வந்து இறங்கும். “அங்கேயே ஏறிக்கொள்ளலாமே” என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இடைத் துறைமுகத்தில் ஏறுவதும் அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்வதும் கம்பனியும் குடிவரவுத் திணைக்களமும் முன்கூட்டி ஒப்புக்கொண்டால் மட்டுமே நடக்கும். சுற்றுலாச் சீட்டில் அந்த உரிமை சேர்ந்து வருவதில்லை. சீட்டு வாங்கிய பிறகு அம்பாந்தோட்டையில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்று எண்ணுவது தவறு.

சென்னைச் சுற்றுகளில் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரைச் சிக்க வைப்பது விசாவில் உள்ள நுழைவு எண்ணிக்கை. இந்தியாவின் 30 நாள் சுற்றுலா மின்விசா இரண்டு நுழைவுகளுக்கு மட்டும் செல்லும். விமானத்தில் சென்னையில் இறங்குவது முதல் நுழைவு. இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுக் கப்பல் சென்னைக்குத் திரும்புவது இரண்டாவது. இரண்டாவது சுற்றும் வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டுத் திரும்பினால் அது மூன்றாவது நுழைவு. விசாவில் இடம் இராது. ஒரே சுற்று போகிறவருக்குப் போதுமான விசா, இரண்டு சுற்று போகிறவருக்குப் போதாமல் போவது இப்படித்தான். பல நுழைவு தரும் ஓராண்டு மின்விசாவை எடுப்பதே சரி. இரண்டாவது சுற்று எந்தத் துறைமுகமும் தொடாமல் நடுக்கடலுக்குப் போய்த் திரும்புவதானால், அதைக் குடிவரவு எப்படிப் பதிகிறது என்று கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மின்விசா பட்டியலில் உள்ள விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லும். சென்னைத் துறைமுகம் அதில் உண்டு. மும்பைச் சுற்றுகளில் இலட்சத்தீவு சேர்ந்திருந்தால், இந்தியக் குடிமக்கள் அல்லாதவர்கள் அங்கே இறங்கத் தனி அனுமதி வேண்டும் என்பதும் கவனத்துக்குரியது.

விமானத்தைத் தவிர்த்து முழுவதும் கடல் வழியே போக விரும்புகிறவர்களுக்கு நாகப்பட்டினம்-காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் இருக்கிறது. 2023 ஒக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ என்ற 150 இருக்கைக் கப்பலோடு தொடங்கி, பருவமழைக்காக ஒரு வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. அதற்கு முன் 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ சில மாதங்களில் நின்றுபோனது. இவை சுற்றுலாக் கப்பல்கள் அல்ல, கடலைக் கடக்கும் ஊர்திகள்; சுமார் நான்கு மணி நேரத்தில் அக்கரை சேரும். காங்கேசன்துறை வரை ரயில், கடல் கடந்து நாகப்பட்டினம், அங்கிருந்து சென்னைக்கு இரவு ரயில், பிறகு சுற்றுலாக் கப்பல் என்று அடுக்குவது தாளில் அழகாக இருக்கும். ஆனால் வடகீழ்ப் பருவத்தில் இந்தச் சேவை நிறுத்தப்படும். மற்ற மாதங்களிலும் கடல் சரியில்லாவிட்டால் அன்றைய ஓட்டம் இல்லை. இதை நம்பிச் சுற்றுலாக் கப்பலுக்கு முந்தின நாள் புறப்படுவது விவேகமல்ல. திரும்பி வரும் வழியாக வைத்துக்கொண்டால் ஒருநாள் பிந்தினாலும் நட்டமில்லை. மின்விசா நாகப்பட்டினத்தில் செல்லுமா என்பதைத் தனியே உறுதிப்படுத்த வேண்டும்.

சிங்கப்பூர் இன்னொரு வழி. அங்கிருந்து ‘கெந்திங் ட்ரீம்’ 2022 முதல் இரண்டு, மூன்று இரவுச் சுற்றுகளாக மலேசிய, தாய்லாந்துத் துறைமுகங்களுக்குப் போய் வருகிறது. அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்தால் ஐந்து இரவு. இலங்கையர் சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, ஆனால் வருகைக்கு முந்திய 3 நாட்களுக்குள் மின்வருகை அட்டை நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு மின்விசா வேண்டும். அது பெரும்பாலும் ஒற்றை நுழைவு என்பதால், இரண்டு சுற்றும் பினாங்கையோ போர்ட் கிளாங்கையோ தொட்டால் சென்னைக் கணக்கே இங்கும் திரும்பி வரும். கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் அந்த நாட்டு விசா வேண்டும் என்று பல கம்பனிகள் ஏறும்போதே கேட்கும். இல்லாதவர் கரையில் நிற்க வேண்டியதுதான், கட்டணமும் திரும்பாது.

வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்குக் குளிர்காலத்தில் டுபாய், அபுதாபி, டோஹா வட்டம் உண்டு. ஏழு இரவுச் சுற்று பெரும்பாலும் வாரம் தவறாமல் அதே துறைமுகங்களையே தொடும் என்பதால், இரண்டு வாரம் சேர்த்து எடுப்பது பார்த்ததையே மறுபடி பார்ப்பதாகும். ஐரோப்பாவில் ஷெங்கன் விசாவின் நாட்கணக்கும் நுழைவுக்கணக்கும் சேர்ந்து பிடிக்கும். நடுவில் துருக்கியைத் தொடும் கப்பல் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறித் திரும்புகிறது.

கனடாவிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது சற்றுக் கூடுதல். அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுப் பயணிகள் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. நடுவே தொலைவிலுள்ள வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால் மட்டும் விலக்கு. கனடாவும் மெக்சிக்கோவும் தொலைவாகக் கருதப்படுவதில்லை. லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து வன்கூவர் வரை ஒரு பயணம் சட்டப்படி சரி. வன்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் வரை இன்னொரு பயணமும் சரி. ஒரே கப்பலில் இரண்டையும் தொடர்ந்து எடுத்தால், லொஸ் ஏஞ்சலிஸில் ஏறி விட்டியரில் இறங்கியதாகக் கணக்காகி விதி மீறப்படுகிறது. இணையத்தில் இரண்டையும் தனித்தனியே பதிய முடிந்துவிடும், பிறகு கம்பனி ஒன்றை இரத்துச் செய்யும். வன்கூவரில் ஏறி அலாஸ்கா போய் வன்கூவருக்கே திரும்பும் சோடி இந்தச் சட்டத்துக்குள் வராது.

எந்தக் கடலானாலும் சுற்றுகளைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது துறைமுகங்கள் மாறுகின்றனவா என்பது. சில கப்பல்கள் ஒரு வாரம் கிழக்கே, மறுவாரம் மேற்கே என மாறி மாறிப் போகும். தொடர் பயணத்துக்கு உகந்தவை அவை. துறைமுகம் மாறினாலும் உணவு விடுதியின் இரவுப் பட்டியலும் மேடை நிகழ்ச்சிகளும் சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும். முதல் முறை கப்பல் ஏறும் பெற்றோருக்கு இரண்டு குட்டிச் சுற்றுகளே நல்லவை. முதலாவதில் உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவதில்தான் அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள்.

பருவம் பற்றிச் சப்ரகமுவக்காரருக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. சென்னைச் சுற்றுகள் ஓடிய மாதங்களும் களு கங்கையும் களனி கங்கையும் பெருகும் மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. 2003 மே, 2017 மே வெள்ளங்களில் இரத்தினபுரி நகரே மூழ்கியது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. எகலியகொடை, குருவிட்ட பக்கம் வீதி நீரில் நிற்கும்போது கொழும்பு வந்து சேர்வதே பயணமாகிவிடும். தெரணியகலை, எட்டியாந்தோட்டை மேல் டிவிஷன்களிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் தோட்டப் பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே முதல் ஒக்டோபர் வரை புறப்படுகிறவர்கள் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே கொழும்பில் உறவினர் வீட்டில் வந்து தங்குவது நல்லது. விமானமும் கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளாவது போய்ச் சேர வேண்டும்.

ஆவணங்களில் அதிக நாள் பிடிப்பது பெற்றோருடையவை. தோட்டத்தில் பிறந்த முதியவர்களின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள எழுத்துக்கூட்டலில் இன்னொரு பெயர், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது பெயர் என்றிருப்பது சாதாரணம். சிலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. அப்படியானால் உத்தேச வயதுச் சான்று தேட வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்களின் பிள்ளைகள் பலர் பின்னர் பதிவின் மூலம் குடியுரிமை பெற்றார்கள்; 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது. அந்தக் குடியுரிமைச் சான்றிதழ் எந்தப் பெட்டியின் அடியில் கிடந்தாலும் தேடி எடுத்து வைப்பது நல்லது. பெயர்த் திருத்தம் கிராம சேவகரிலிருந்து பிரதேச செயலகம் வரை நடக்க வேண்டிய வேலை. கப்பல் சீட்டில் சலுகை முடியும் திகதியை அந்த அலுவலகங்கள் பார்ப்பதில்லை. எனவே கடவுச்சீட்டு கைக்கு வருமுன் முற்பணம் கட்டக் கூடாது.

கடவுச்சீட்டின் ஆறு மாதச் செல்லுபடிக் காலத்தை இரண்டாவது சுற்று முடியும் நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு பதிவிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்று இரண்டு பதிவிலும் இரண்டு விதமாகப் போட்டால், இணைப்பு நாளில் அவர்கள் இரண்டு வேறு ஆட்கள் ஆவார்கள். சில கப்பல்கள் ஏறியதும் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். பிரதியை ஒவ்வொருவர் பையிலும் வைப்பது வழக்கமாக வேண்டும்.

இனிப் பணம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. கப்பலில் ஒருவருக்கான ஓர் இரவுக் கட்டணமே பல நாள் கொழுந்துப் பணம் என்பதால், செலவைச் சுமப்பவர்கள் பிள்ளைகளே. விளம்பரக் கட்டணம் இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு ஆவது. தனித்திருக்கும் தாய்க்குத் தனி அறை எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். துறைமுக வரி, நாளாந்தப் பணியாளர் கொடுப்பனவு, கரைச் சுற்றுலா ஆகியவை புறம்பு. இரண்டு சுற்றுக்குமான பணியாளர் கொடுப்பனவை மொத்த இரவுகளால் பெருக்கிப் பார்க்காமல் புறப்பட்டு, கடைசி நாள் கணக்கைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. வங்கி அட்டையிலிருந்து கப்பல் ஒரு தொகையை முன்கூட்டித் தடுத்து வைக்கும். முதல் சுற்றின் தடுப்பு விடுபடச் சில நாட்கள் எடுக்க, இரண்டாவதற்கு இன்னொரு தடுப்பு விழும். சேமிப்புக் கணக்கு அட்டையை மட்டும் நம்பிப் போகிறவருக்கு இதனால் கையில் பணமிருந்தும் இல்லாத நிலை வரும். சீட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கிறவர்கள், கம்பனியின் கடைசிக் கொடுப்பனவுத் திகதிகள் இரண்டும் வெவ்வேறு என்பதையும் பார்த்துச் சீட்டை எடுக்க வேண்டும்.

பயணக் காப்புறுதி ஒன்றாகவே எடுக்கப்பட்டு, வீட்டை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து திரும்பும் நாள் வரை செல்லுபடியாக வேண்டும். நீரிழிவு, பிரசர் போன்ற பழைய நோய்களைச் சொல்லாமல் எடுத்த காப்புறுதி, வேண்டிய நேரத்தில் கைவிரிக்கும். கப்பல் வைத்தியரின் கட்டணம் கனமானது. கிளினிக் கொப்பியில் உள்ள மருந்துகளை இரண்டு சுற்றுக்கும் மேலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும், குளிசைகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்வது உதவும். கடல் மயக்கத்துக்கு அறை கப்பலின் நடுவிலும் கீழ்த் தளத்திலும் இருப்பது நல்லது. சோறும் காரமும் இந்தியக் கப்பல்களில் கிடைக்கும், மற்றவற்றில் கேட்டுப் பார்க்க வேண்டும். உடுப்பு ஒரு சுற்றுக்குப் போதுமானதே போதும்: இணைப்பு நாளுக்கு முந்தின நாள் சலவைக்குப் போட்டால் மறுசுற்றுக்கு ஆகிவிடும்.

பதியும்போது இரண்டையும் ஒரே முகவரிடமோ ஒரே அழைப்பிலோ பதிந்து, இவை தொடர் பயணங்கள் என்று இரண்டு பதிவிலும் குறிப்பேற்றச் சொல்ல வேண்டும். அறை எண் இரண்டிலும் ஒன்றுதானா என்று உறுதிச் சீட்டில் பார்க்க வேண்டும்; ‘அறை பின்னர் ஒதுக்கப்படும்’ என்ற மலிவுக் கட்டணத்தில் அது வாய்ப்பது அரிது. இரண்டாவது சுற்றில் மட்டும் மேலான அறைக்கு இலவசமாக மாற்றுவதாக மின்னஞ்சல் வந்தால், பெற்றோர் அறை பக்கத்திலேயே இருக்குமா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. கப்பலில் ஏறிய முதல் நாளே வரவேற்பு மேசையில் தொடர் பயணிகள் என்று மறுபடி சொல்லிவைப்பது, முன் சொன்ன கடிதம் தவறாமல் வருவதற்கு வழி.

திரும்பும் விமானத்தைக் கப்பல் கரை சேரும் நாளின் மாலைக்கு முன் எடுக்கக் கூடாது. மறுநாளானால் இன்னும் நல்லது. கடைசி இரவு பெரிய பெட்டிகள் அறை வாசலில் வைக்கப்பட்டு, மறுநாள் துறைமுக மண்டபத்தில்தான் கைக்கு வரும் என்பதால், மாற்றுடுப்பும் மருந்தும் அன்றிரவு கைப்பையில் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவில் இரவு வந்திறங்குகிறவர்களுக்கு இரத்தினபுரிப் பக்கம் போகும் பஸ் அரிது. மேல் டிவிஷன் வரை வரச் சம்மதிக்கும் வேனைப் புறப்படுமுன்பே பேசி வைத்துவிட வேண்டும்.